ஏ.சி.யை நிறுத்தாமலே மைலேஜ்: ஹைபிரிட் கார் கேள்வி - பதில்

ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் (பெட்ரோல் என்ஜினோடு, தனியாகவே காரை நகர்த்தக்கூடிய மின் மோட்டாரும் பேட்டரியும் கொண்டது) வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். 'மைல்ட் ஹைபிரிட்' என்று விற்கப்படும் கார்களில் மோட்டார் மிகச் சிறியது. இங்கே சொல்லும் பல விஷயங்கள் அவற்றுக்குப் பொருந்தாது.

கேள்வி: 1.5 லிட்டர் ஸ்ட்ராங் ஹைபிரிட் எஸ்.யூ.வி. வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 20 கி.மீ. வந்தது. ஏ.சி.யை அடிக்கடி நிறுத்தி, உருட்டி உருட்டி ஓட்டி 22-க்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் வீட்டில் யாரும் என்னோடு வர மறுக்கிறார்கள். 27-ஐத் தொட இன்னும் என்ன செய்ய வேண்டும்?
*- வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: முதலில் ஏ.சி.யைப் போடுங்கள்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் போன்ற 1.5 லிட்டர் ஹைபிரிட்களுக்குச் சொல்லப்படும் 27.97 என்ற மைலேஜ் எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓடவிட்டு எடுத்தது. அந்தச் சோதனையில் ஏ.சி. கிடையாது, வேகம் மணிக்கு 90 கி.மீ.யைத் தாண்டாது, மேடு பள்ளமும் எதிர்க்காற்றும் இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிடத்தான் அந்த எண். அவிநாசி சாலையில் நாலு பேரோடு போகும்போது எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. 20 வந்தால் உங்கள் காரில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, பணக் கணக்கு. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் கார் 12 தரத் தொடங்கினால் கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 20 தரும் கார் 22 தந்தால் நாலரை லிட்டர். 24 தருவது 26 ஆனால் வெறும் 3.2 லிட்டர். மைலேஜ் ஏற ஏற, அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிடைக்கும் பணம் சுருங்கிக்கொண்டே போகும். ஆனால் அதற்காக நீங்கள் விட்டுக்கொடுக்கும் சௌகரியம் கூடிக்கொண்டே போகும். நீங்கள் இப்போது மாதம் சுமார் 450 ரூபாய்க்காகக் குடும்பத்தையே வியர்க்க வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏ.சி. எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்போம். ஹைபிரிட்டில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது, என்ஜின் நின்றாலும் குளிர் நிற்காது. கேபின் குளிர்ந்து நிலைக்கு வந்தபின் நம் வெயிலில் சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும் என்று கொண்டால், அந்த மின்சாரத்தை உண்டாக்க மணிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போகும். சுமார் 33 ரூபாய். இதில் முக்கியமானது, ஏ.சி.யின் செலவு நேரக் கணக்கு. கிலோமீட்டர் கணக்கு அல்ல. நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகரும்போது மீட்டரில் எண் சரிவதற்குக் காரணம் இதுதான். அதே ஏ.சி. ஹைவேயில் பெரிதாகத் தெரியாது.

வெப்பநிலையை 24 அல்லது 25-ல் வையுங்கள். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஒரு நிமிடம் நாலு கண்ணாடிகளையும் இறக்கி ஓட்டினால் உள்ளே அடைந்த சூடு வெளியேறும். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்று சுழற்சியைப் போடுங்கள். முன்கண்ணாடிக்கு ஒரு சன் ஷேடு. 'ஈக்கோ' மோடில் பல கார்கள் ஏ.சி.யின் பலத்தையும் குறைத்துவிடும். பின்சீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'நார்மல்' போதும்.

மைலேஜ் உண்மையில் கரைவது வேறு இடத்தில். காலையில் பால் வாங்க ஒரு கிலோமீட்டர், பத்து மணிக்குப் பள்ளிக்கு ஒன்றரை, மாலையில் கோயிலுக்கு ஒன்று என்று பிரித்து ஓட்டினால், ஒவ்வொரு முறையும் ஆறிப்போன என்ஜின் தன்னையும் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சூடாக்குவதற்காகவே ஓடும். பேட்டரி நிறைந்திருந்தாலும் ஓடும். முடிந்த வேலைகளை ஒரே சுற்றில் சேர்த்து முடியுங்கள். இதில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை.

கேள்வி: நெரிசலில் ஓட்டும்போது கடைசி இரண்டு மீட்டரில் பிரேக் 'வெடுக்'கென்று பிடிக்கிறது. பின்னால் உட்காரும் மகளுக்கு வாந்தி வருகிறது. பிரேக்கில் கோளாறா?
*- வாசகி, சென்னை, சோழிங்கநல்லூர்*

பதில்: பெரும்பாலும் கோளாறு இல்லை. பிரேக் பெடலை மெதுவாக அழுத்தும்போது முதலில் வேலை செய்வது மோட்டார்தான். அது ஜெனரேட்டராக மாறி, காரின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. வேகம் நடை அளவுக்குக் குறையும்போது மோட்டாரின் பிடி தளர்ந்து, வழக்கமான பிரேக் டிஸ்க்கும் பேடும் பொறுப்பை ஏற்கின்றன. அந்தக் கைமாற்றத்தின்போது பெடலில் உங்கள் கால் அதே அழுத்தத்தில் இருந்தால் குலுக்கல் வரும். நிற்பதற்குச் சற்று முன்பு, கடைசி ஒரு மீட்டரில், காலை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

மைலேஜும் சௌகரியமும் ஒன்றுசேரும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஆட்களோடு 1,600 கிலோ எடையில் மணிக்கு 50 கி.மீ. போகும் காரை 10 விநாடியில் நிறுத்தினால், சராசரியாக 15 கிலோவாட் சக்தியை உள்வாங்க வேண்டும். சிறிய பேட்டரியே அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். அதே காரை 4 விநாடியில் நிறுத்தினால் சுமார் 39 கிலோவாட். அவ்வளவையும் ஒரேயடியாக அந்தப் பேட்டரியால் வாங்க முடியாது. மிச்சமெல்லாம் பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். எனவே சிக்னல் சிவப்பாகத் தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சீக்கிரமாகவும் மென்மையாகவும் பிரேக் பிடிக்கிறவருக்குப் பெட்ரோலும் மிச்சம், பின்சீட்டில் தலைசுற்றலும் இல்லை.

இன்னும் இரண்டு. கியரை 'பி' (B, அதாவது என்ஜின் பிரேக்; பார்க்கிங்குக்கான P அல்ல) நிலையில் வைத்து நகருக்குள் ஓட்டாதீர்கள். காலை எடுத்த நொடியே கார் தயங்கித் தயங்கி நிற்பதுபோல் இருக்கும், வாந்திக்கு அதுவே போதும். ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் ஸ்டீயரிங் பின்னால் விரலால் இழுக்கும்படி உள்ள பேடில்களால் இந்த இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம், குழந்தைகள் இருக்கும்போது குறைந்த நிலையில் வையுங்கள். சிக்னலில் நியூட்ரலுக்குப் போகும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் நியூட்ரலில் நிற்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏ.சி. மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். 'டி'-யிலேயே (டிரைவ்) வைத்துப் பிரேக்கையோ, காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டையோ பயன்படுத்துங்கள்.

காலையில் முதல் பிரேக்கில் 'கரகர' சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். டிஸ்க் குறைவாக உராய்வதால் மழைக்காலத்தில் மேலே மெல்லிய துரு படியும். நாலைந்து பிரேக்கில் போய்விடும். போகவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே என்ஜின் கத்துகிறது. பேட்டரி முழுதாக இருக்கும்போது என்ஜின் எதற்கு ஓட வேண்டும்? பெட்ரோல் வீணாகிறதே!
*- வாசகர், சேலம்*

பதில்: பெட்ரோல் துளிகூடச் செலவாகவில்லை.

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம். 1,600 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது சுமார் 5.2 கிலோவாட் மணி ஆற்றல் வெளிப்படுகிறது. டயர் உராய்விலும் காற்றிலும் ஒரு பகுதி போனாலும், நாலு கிலோவாட் மணியை ஏதோ ஒன்று தாங்கியாக வேண்டும். 1.5 லிட்டர் ஹைபிரிட்டில் உள்ள லித்தியம் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76 கிலோவாட் மணி. அதையும் அடிமட்டம்வரை காலியாக்கவோ விளிம்புவரை நிரப்பவோ கார் அனுமதிக்காது, நடுப்பகுதியில்தான் பயன்படுத்தும். ஆக இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சிலவற்றைத் தாண்டுவதற்குள்ளேயே பேட்டரி நிறைந்துவிடும்.

அதன்பின் கார் செய்வது புத்திசாலித்தனமான வேலை. எரிபொருளை அடைத்துவிட்டு, என்ஜினை வெறுமனே சுழற்றி, மிச்ச ஆற்றலை அதில் கரைக்கிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். பழைய டீசல் வண்டியில் இரண்டாவது கியரில் இறங்கும்போது வருமே, அதே என்ஜின் பிரேக். அது இல்லாவிட்டால் முழுச் சுமையும் பேடுகளுக்குப் போய், அவை கடுமையாகச் சூடேறி, அடிவாரத்தை நெருங்கும்போது பெடல் பிடிப்பில்லாமல் போகலாம்.

நீண்ட இறக்கம் தொடங்கும்போதே 'பி'-க்கு மாறிவிடுங்கள். பிரேக்கை விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விடுங்கள். நியூட்ரல் கூடவே கூடாது. சமதளம் வந்ததும் மறக்காமல் 'டி'. பாலத்து இறக்கம், சிறு மேடு போன்றவற்றுக்கு 'பி' தேவையில்லை, அங்கே அது மைலேஜைக் குறைக்கும்.

கேள்வி: சமவெளியில் நன்றாக இழுக்கும் என் ஹைபிரிட், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது பாதி வழியில் சோர்ந்துவிடுகிறது. ஏன்?
*- வாசகர், மதுரை*

பதில்: இரண்டு காரணங்கள். காரின் கூட்டுச் சக்தி 116 பி.எஸ். (குதிரைத்திறன்) என்றால், அதில் என்ஜினின் பங்கு 92 மட்டுமே. மீதியைப் பேட்டரி தர வேண்டும். தொடர் ஏற்றத்தில் சிறிய பேட்டரி சில நிமிடங்களில் கீழ்மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது என்ஜினின் பலம் மட்டும். இரண்டாவது, உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜினின் பலமும் அதே அளவு குறையும். 92 என்பது மேலே போகும்போது 75-க்குப் பக்கத்தில் நிற்கும்.

ஓவர்டேக் செய்யும்போது இதை மனதில் வையுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பேட்டரி காட்டி இரண்டு கோட்டில் இருக்கும்போது, அடிவாரத்தில் கிடைத்த பிக்கப்பை நம்பி பஸ்ஸைத் தாண்டப் போகாதீர்கள். அடிவாரத்துக்கு வரும் முன்பே, மோட்டாரில் மட்டும் ஓட வைக்கும் இ.வி. பொத்தானை அழுத்திப் பேட்டரியைக் காலி செய்யாமல் இருங்கள். மலையில் 'பவர்' மோடு. பின்னால் வண்டி வராத இடத்தில் ஒரே சீராக 30-40 கி.மீ. வேகத்தில் ஏறினால் என்ஜினுக்குப் பேட்டரியை மீட்க நேரம் கிடைக்கும். முழு ஆட்களோடும் சாமான்களோடும் வாராவாரம் மலை ஏறுபவராக இருந்தால், 186 பி.எஸ். தரும் இன்னோவா ஹைகிராஸ் போன்ற 2 லிட்டர் ஹைபிரிட்டோ நல்ல டர்போ என்ஜினோதான் சரி.

கேள்வி: திருச்சி - சென்னை மாதம் நாலு முறை போகிறேன். மிதித்தால் சத்தம் முதலில் வருகிறது, வேகம் பிறகு வருகிறது. ஓட்டும் ஆசையே போய்விட்டது.
*- வாசகர், திருச்சி*

பதில்: நீங்கள் சொல்வது நியாயமான குறை. இந்த ஹைபிரிட்களில் படிப்படியான கியர் கிடையாது. டொயோட்டா முறையில் கோள் பல்சக்கரத் தொகுதி ஒன்று என்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் இணைக்கிறது. முழுதாக மிதித்தால், அதிக பலம் தரும் சுழற்சிக்கு என்ஜின் நேராகத் தாவி அங்கேயே நிற்கும். வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறி, கியர் மாறும்போது இறங்கும் அந்தச் சுருதி இங்கே இல்லை. மூன்று சிலிண்டர் என்ஜினில் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. பெடலை அடிவரை மிதிக்காமல் முக்கால் பங்கு மட்டும் மிதித்துப் பாருங்கள். மோட்டாரின் உதவி கிடைக்கும், சத்தம் கணிசமாகக் குறையும், வேகத்தில் இழப்பது சொற்பம். ஓவர்டேக்குக்கு இடம் தெரிந்ததும், வெளியே எடுப்பதற்கு முன்பே மிதிக்கத் தொடங்குங்கள். வேகம் பிடித்ததும் காலைச் சற்றே தளர்த்தினால் என்ஜின் உடனே அடங்கும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஹைவேயில் பிரேக் குறைவு என்பதால் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் குறைவு. ஹைபிரிட்டின் சாமர்த்தியம் அங்கே பாதி அடங்கிவிடும். 330 கி.மீ. தூரத்தை 100-ல் ஓட்டுவதற்கும் 90-ல் ஓட்டுவதற்கும் வித்தியாசம் 22 நிமிடம்தான். 90-ல் சத்தமும் குறைவு, களைப்பும் குறைவு. ஆனால் 90-ஐ 70 ஆக்காதீர்கள். வேகமான தடத்தில் 70-ல் உருள்வது மற்றவர்களுக்கு ஆபத்து.

கேள்வி: 215/60 ஆர்17 டயரை 18 அங்குலத்துக்கு மாற்றினால் மைலேஜ் குறையுமா?
*- வாசகர், ஈரோடு*

பதில்: குறையும், அதோடு சொகுசும் போகும். 215/60 டயரின் பக்கச்சுவர், 215 மி.மீ. அகலத்தில் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ. அதே வெளிவிட்டம் வர 18-ல் 215/55 போட வேண்டும், பக்கச்சுவர் 118 மி.மீ. ஆகிவிடும். நம் சாலைக் குழிகளின் முதல் அடியை வாங்குவது அந்த ரப்பர்தான், 11 மி.மீ. போனால் அடி நேரே சஸ்பென்ஷனுக்கு வரும், ரிம் நெளியும் வாய்ப்பும் கூடும். பெரிய அலாய் பொதுவாகக் கனமும் கூட. வேண்டாம்.

மைலேஜுக்காக 40 பி.எஸ்.ஐ. காற்று அடைப்பவர்களுக்கும் இதே பதில். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். அதிகம் அடைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச்சாலையில் பிடிப்புக் குறையும்.

கேள்வி: பின்சீட்டுப் பக்கம் விசிறி ஓடுவதுபோல் சத்தம் வருகிறது. புதிதாகத் தடிமனான சீட் கவர் போட்ட பிறகுதான் இப்படி.
*- வாசகி, திருநெல்வேலி*

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, கேபினுக்குள்ளிருந்தே, பின்சீட்டின் அடியிலோ பக்கத்திலோ உள்ள ஒரு சல்லடை வழியாகப் போகிறது. சீட் கவர், பை, போர்வை ஏதாவது அதை மூடினால் விசிறி வேகமாகச் சுற்றும். பேட்டரி மேலும் சூடானால் கார் மோட்டாரின் உதவியைக் குறைத்துவிடும், மைலேஜும் விழும். கையேட்டைப் பார்த்துச் சல்லடை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கவரில் அந்த அளவுக்கு வெட்டிவிடுங்கள். உள்ளே உள்ள வடிகட்டியில் நூலும் முடியும் சேரும். சர்வீஸில் விடும்போதெல்லாம் சுத்தம் செய்யச் சொல்லி, வேலைச் சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். நாய், பூனை ஏற்றிச் செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கேள்வி: ஓட்டுவதில் எனக்கு ஆர்வம் அதிகம். டர்போ பெட்ரோலா, ஹைபிரிட்டா? ஹைபிரிட் 3 லட்சம் கூடுதலாக வருகிறது.
*- வாசகர், வேலூர்*

பதில்: எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதுதான் பதிலை முடிவு செய்யும். நகருக்குள் டர்போ 11, ஹைபிரிட் 21 தருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ.க்கு 43 லிட்டர் மிச்சம். பெட்ரோல் 100 ரூபாய் என்றால், 3 லட்சம் திரும்பி வர ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஹைவேயில் 15-க்கு எதிராக 20 என்றால், மிச்சம் 17 லிட்டருக்கும் குறைவு. பணம் திரும்ப 15 வருடம். அதற்குள் காரையே மாற்றிவிடுவீர்கள்.

ஓட்டும் சுகமும் இதே இடத்தில்தான் பிரிகிறது. ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டின் மோட்டார் 253 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. ஹூண்டாய், கியாவின் 1.5 டர்போ பெட்ரோலும் அதே 253-தான். ஆனால் மோட்டார் அதை நின்ற இடத்திலிருந்தே தரும். சிக்னலிலிருந்து 50 கி.மீ. வேகம்வரை சத்தமில்லாமல், குலுக்கலில்லாமல் பாயும் அந்தச் சுகம் டர்போவில் கிடைக்காது. டர்போவோடு வரும் டி.சி.டி. (உலர் வகை இரட்டைக் கிளட்ச் தானியங்கி) கியர்பாக்ஸ், ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறித் தடுமாறும். 80-க்கு மேலே கதை மாறும். அங்கே டர்போவின் இழுவை, கியர் மாறும் உணர்வு, மலையில் குறையாத பலம் எல்லாம் ஓட்டுபவருக்கு உற்சாகம் தருபவை.

உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் ஊருக்குள் என்றால் ஹைபிரிட். ஞாயிறு காலையில் ஏலகிரி ஏறுவதற்காகவே கார் வாங்குகிறீர்கள் என்றால் டர்போ. மைலேஜ் எண்ணைப் பார்த்து மனசுக்குப் பிடிக்காத காரை வாங்காதீர்கள். எந்த முடிவானாலும் நெரிசலில் அரை மணி, மேம்பாலத்தில் ஓர் ஏற்றம், ஹைவேயில் ஓர் ஓவர்டேக் என்று மூன்றையும் டெஸ்ட் டிரைவில் கேட்டு வாங்குங்கள். ஷோரூம் இருக்கும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் எதுவும் தெரியாது. டிக்கியையும் திறந்து பாருங்கள். பேட்டரி அடியில் இருப்பதால் பல ஹைபிரிட்களில் தரை உயர்ந்திருக்கும். பெரிய சூட்கேஸ் நிமிர்ந்து நிற்காது.

கேள்வி: இ.வி. பொத்தானை அழுத்தியே ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகுமா?
*- வாசகர், தஞ்சாவூர்*

பதில்: ஆகாது. பேட்டரியில் உள்ள மின்சாரத்தில் பிரேக்கில் கிடைத்தது போக மீதி என்ஜின் தந்ததுதான். காலியானதும் என்ஜின் மறுபடி ஓடி நிரப்ப வேண்டும், மின்சாரம் பேட்டரிக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் கொஞ்சம் வீணாகும். எப்போது எதை ஓட்டுவது என்று காரின் கம்ப்யூட்டருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இரவில் தெருவுக்குள் சத்தமில்லாமல் நுழையவும், பார்க்கிங்கில் காரை நகர்த்தவும் அந்தப் பொத்தான் போதும்.